மூன்றைத் தாண்டாத வலி

அந்த வீட்டுக்குள் நர்ஸாக நுழைய முடியாது. கணக்கு டியூஷன் மிஸ்ஸாகத்தான் நுழையலாம்.

இது அப்பா போட்ட நிபந்தனை. முதல் நாள் போனிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். வெள்ளைக் கோட்டு கூடாது, பையில் நிறுவனத்தின் பெயர் கூடாது, கழுத்தில் அட்டை தொங்கக் கூடாது. லிப்டில் யார் விசாரித்தாலும் நான்காவது மாடிக் குழந்தைக்குக் கணக்குச் சொல்லித்தரப் போவதாகச் சொல்ல வேண்டும். விஷயம் வெளியே கசிந்தால் ஆளாளுக்கு வந்து மூக்கைச் சிந்துவார்கள், அதைப் பார்த்துக் குழந்தைக்குப் புரிந்துவிடும் என்பது அவர் பயம்.

நர்ஸுக்கு இதெல்லாம் புதிதில்லை. ஆஸ்பத்திரி கையை விரித்துவிட்ட குழந்தைகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலையில் பதினான்கு வருஷம் ஓட்டியவள். இனிமேல் செய்ய ஒன்றுமில்லை என்று பெரிய டாக்டர்கள் கையெழுத்துப் போடும் இடத்தில்தான் அவளுக்கு வேலை ஆரம்பிக்கும். வலியைக் குறைப்பது, வாந்தியை நிறுத்துவது, மலச்சிக்கலுக்கு வழி பண்ணுவது, பெற்றவர்களைக் கொஞ்ச நேரம் உட்கார வைப்பது என்று நாள் முழுக்க இருக்கும். இதற்கு முன் ஒரு வீட்டுக்குப் பாட்டு டீச்சராகப் போயிருக்கிறாள். பக்கத்து வீட்டார் யாரும் ஒரு பாட்டுப் பாடச் சொல்லாதது அவர்கள் செய்த புண்ணியம்.

குழந்தைக்கு எட்டு வயது. தொடை எலும்பில் வந்த கட்டி நுரையீரல் வரைக்கும் போய்விட்டது. மருந்து ஏற்றுவதை நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது. படுத்த படுக்கையிலிருந்தே வீட்டை நிர்வாகம் பண்ணுவதால் அப்பா வைத்த செல்லப் பெயர் மேனேஜர். கேஸ் எப்போது தீரும், அப்பாவின் மூக்குக் கண்ணாடி எங்கே, இன்று எந்தத் தலையணை உறை மாற்ற வேண்டும் என்பதெல்லாம் மேனேஜருக்குத்தான் தெரியும். கீமோவில் போன முடி அரை அங்குலம் முளைத்திருந்தது. மேல்வரிசையில் ஒரு முன்பல் விழுந்து, முளைக்கலாமா வேண்டாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது.

முதல் நாள் அம்மா நர்ஸைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"அவளுக்கு ஒண்ணுமே தெரியாது சிஸ்டர். கால்ல சதை பிடிச்சிருக்கு, சரியாயிடும்னு சொல்லி வச்சிருக்கோம். தயவுபண்ணி வாய் தவறிக்கூடச் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா தாங்கமாட்டா."

நர்ஸ் தலையாட்டினாள். அப்படியாக மார்ஃபின் என்ற வலி மருந்துக்கு அந்த வீட்டில் கால் டானிக் என்று பெயர். நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை அம்மாதான் ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து வாயில் விட வேண்டும். அதை அவள் சிந்தாமல் செய்ய ஒரு வாரம் பிடித்தது.

செவ்வாய், வெள்ளி மதியம் மூன்று மணிக்கு டியூஷன். நர்ஸ் கணக்குப் புத்தகத்தைத் தலையணைமேல் விரித்து வைப்பாள். அதன் மறைவில் நாடித்துடிப்பைப் பார்ப்பாள், வயிற்றைத் தொட்டுப் பார்ப்பாள், முதுகில் புண் வருகிறதா என்று புரட்டிப் பார்ப்பாள். கடைசியாக ஓர் அட்டையை எடுப்பாள். அதில் பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண்கள், ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு முகம். பூஜ்யத்தின் முகம் சிரிக்கும், பத்தின் முகம் கண்ணீர் விடும்.

"இன்னைக்கு எத்தனை?"

மேனேஜர் கட்டில் தலைமாட்டில் நிற்கும் அம்மாவை ஒரு பார்வை பார்ப்பாள். பிறகு முகங்களை வரிசையாகப் பார்ப்பாள். கடைசியில் சொல்வாள்: "மூணு."

அம்மாவின் தோள் இரண்டும் கீழே இறங்கும். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த தாளில் அவளே போய் மூன்று என்று எழுதுவாள். நர்ஸ் வராத நாட்களிலும் காலை, மாலை அம்மாவே அட்டையைக் காட்டிக் கேட்டு எழுதுவாள். மூன்று, மூன்று, இரண்டு, மூன்று, மூன்று. ஐந்து வாரமாக அந்தக் கோடு மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

நிறுவனத்தின் வியாழக்கிழமைக் கூட்டத்தில் டாக்டர் அந்தத் தாளின் படத்தை எல்லோருக்கும் காட்டினார். எலும்புக் கட்டி வலியை வீட்டிலேயே இப்படிப் பிடித்துக் கட்டி வைப்பதை அவர் பார்த்ததில்லையாம். "கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கு. அடுத்த மாசம் புதுசா வர்றவங்களுக்கு வகுப்பு எடுக்கும்போது இதைத்தான் போட்டுக் காட்டப்போறேன்" என்றார். நர்ஸ் தரையைப் பார்த்து அடக்கமாகச் சிரித்தாள். அந்த வகுப்பில் பேசப்போவதும் அவள்தான். வருஷா வருஷம் அவள் சொல்லும் முதல் வாக்கியம் இதுதான்: அம்மாவைக் கேக்காதீங்க, குழந்தையைக் கேளுங்க. அவளும் குழந்தையைத்தான் கேட்டாள். அம்மாவைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு கேட்டாள் என்பது மட்டும் அவள் புத்திக்கு எட்டவில்லை.

ஆறாவது வாரம் வெள்ளிக்கிழமை போனபோது வாஷிங் மெஷினின் பின்பக்கத்தைக் கழற்றிப் போட்டுக்கொண்டு மெக்கானிக் உட்கார்ந்திருந்தான். இரண்டாவது தடவையாக வந்திருக்கிறானாம்.

"துணியக் கடிச்சுத் துப்புதுங்க மிஸ்" என்று அம்மா மெக்கானிக்குக்கும் கேட்கிற மாதிரி முறையிட்டாள். "அதுவும் இவ சட்டை காலரை மட்டும். எங்க துணி எதையும் தொடறதில்ல. இவ துணின்னா அதுக்கு என்ன கோபமோ!"

"மெஷின்ல ஒரு குறையும் இல்லம்மா" என்றான் மெக்கானிக். "எனக்குத் தெரிஞ்சு காலரை மட்டும் பாத்துக் கடிக்கிற மெஷின் இன்னும் வரல." உலகத்திலேயே அந்த வீட்டைப் பற்றி உண்மை பேசிய முதல் ஆள் அவன்தான். அவனை யார் சட்டை பண்ணினார்கள்?

கொடியில் தொங்கிய நீலச் சட்டையை நர்ஸ் எடுத்துப் பார்த்தாள். காலரின் இரண்டு நுனியும் கந்தல். துணி கிழிந்திருக்கவில்லை, யாரோ மென்றிருந்தார்கள். ஓரத்தில் சின்னச் சின்னப் பள்ளம் வரிசையாக இருந்தது, நடுவில் ஓர் இடத்தில் மட்டும் பள்ளம் இல்லை.

சட்டையைக் கொடியிலேயே போட்டுவிட்டு உள்ளே போனாள். மேனேஜர் மேலே பார்த்துப் படுத்திருந்தாள். போட்டிருந்த மஞ்சள் சட்டையின் காலர் நுனி ஈரமாக இருந்தது.

அட்டையை எடுக்க நர்ஸின் கை வரவில்லை. இந்தப் பெண்ணைத் தனியாகக் கேட்க வேண்டும். ஆனால் அம்மா அந்த அறையை விட்டு நகர்கிற ஆளில்லை. ஒரு நிமிஷம் தள்ளிப் போனால் குழந்தை போய்விடுவாளோ என்று காவல் நிற்பவளிடம் வெளியே போங்கள் என்று எந்த நர்ஸால் சொல்ல முடியும்? சொன்னாலும் கேட்பாளா?

அந்த நேரம் பார்த்து எதிர் வீட்டு அம்மாள் கையில் தன் பையனின் ரிப்போர்ட் கார்டோடு உள்ளே வந்தாள். டியூஷன் மிஸ்ஸைப் பிடிக்க மூன்று வாரமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தவள்.

"டீச்சர், எங்க பையனையும் கொஞ்சம் பாத்துக்கங்களேன். கணக்குன்னாலே அவனுக்கு ஜுரம் வருது. இந்தப் பாப்பா கால்வலியோட படுத்துக்கிட்டே எப்படிப் படிக்குது பாருங்க! இவனும் இருக்கானே."

அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. நர்ஸோ பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாகத் தன் வேஷத்துக்கு நன்றி சொன்னாள். முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

"கட்டாயம் பாக்கறேன். ஆனா இப்ப இவளுக்குப் பரீட்சை. பரீட்சை நடக்கறப்ப பெத்தவங்க உள்ள இருக்கக் கூடாது. அது என் ரூல். நீங்க ரெண்டு பேரும் அரை மணி நேரம் வெளியே இருங்க."

"அதானே! எங்க பையன் ஸ்கூல்லயும் அப்படித்தான்" என்று எதிர் வீட்டு அம்மாள் உடனே கிளம்பி, மேனேஜரின் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அம்மா வாசல் வரை திரும்பித் திரும்பிப் பார்த்தாள். தானும் சேர்ந்து கட்டிய பொய்க்குத் தானே அடங்க வேண்டியதாயிற்று. நர்ஸ் கதவைச் சாத்தினாள்.

"மிஸ், நிஜமாவே பரீட்சையா?"

"ஒரே ஒரு கேள்வி. நேத்து சட்டை காலரை எத்தனை மணிக்குக் கடிச்சே?"

மேனேஜர் காலரை மடித்துக் கழுத்துக்குள் செருகிக்கொண்டாள். திருட்டு பிடிபட்ட கூச்சம் அது.

"டானிக் குடிச்சு ரெண்டு மணி நேரம் ஆனதும்" என்றாள் கடைசியில். "அப்புறம் அடுத்த டானிக் வரைக்கும்."

"அப்ப மூணுன்னு ஏன் சொன்னே?"

"மூணுதான் சரியான விடை மிஸ்." கணக்கு தெரியாத மிஸ்ஸுக்குப் பொறுமையாகச் சொல்லித்தரும் குரலில் பேசினாள். "நாலுன்னா அம்மா பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுடுவா. சத்தம் கேக்காதுன்னு நினைப்பு. அஞ்சுன்னா அப்பா ஆபீஸ்லேர்ந்து ஓடி வருவார், ரெண்டு பேரும் சாப்பிடமாட்டாங்க. நீங்க வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை ஆறுன்னு சொன்னேன். ஆஸ்பத்திரில பதினோரு நாள். பூஜ்யம்னு சொல்லிப் பாத்தேன், அதை நம்பல. மூணு சொன்னாத்தான் எல்லாரும் சாப்பிடறாங்க."

நர்ஸ் கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள். மருத்துவம் படித்த பெரிய மனிதர்கள் கூடி உட்கார்ந்து, குழந்தையின் வலியை அளக்கக் கண்டுபிடித்த அட்டை. எட்டு வயதுப் பெண் அதைத் திருப்பிப் பிடித்து அம்மாவின் வலியை அளந்துகொண்டிருந்தாள். அளவில் ஒரு பிசகும் இல்லை.

"யாருக்காகவும் இல்லாம, நிஜத்தைச் சொல்லு."

மேனேஜர் நோட்டை வாங்கி எட்டு என்று எழுதினாள். பிறகு அதன்மேல் வட்டம் போட்டாள்.

"மிஸ், நீங்க மிஸ் இல்லன்னும் எனக்குத் தெரியும். பின்னத்தை எல்லாம் தப்புத் தப்பாப் போடறீங்க. கால்ல சதை பிடிக்கலன்னும் தெரியும். ஆஸ்பத்திரில பக்கத்துக் கட்டில் அக்காவுக்கும் இதேதான் இருந்துச்சு. அந்த அக்கா இப்ப இல்ல." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "எனக்குத் தெரியும்னு அம்மாவுக்கு ஒண்ணுமே தெரியாது. சொல்லிடாதீங்க. தெரிஞ்சா தாங்கமாட்டா."

முதல் நாள் சமையலறையில் கேட்ட அதே வார்த்தைகள், அதே மூச்சில். அழுகையை வேலை நேரத்துக்குப் பிறகு என்று ஒத்திப்போட்டுப் பழகியவள்தான். இன்று அதை அவ்வளவு சுலபமாக ஒத்திப்போட முடியவில்லை.

"சொல்லமாட்டேன். ஆனா வலி குறையணும்னா டானிக்கைக் கூட்டணும். ஊத்தறது உங்கம்மா ஆச்சே?"

"அது உங்க பாடு" என்றாள் மேனேஜர்.

பால்கனியில் நின்று நர்ஸ் டாக்டருக்குப் போன் போட்டாள். எட்டு என்று சொன்னாள். வகுப்பில் காட்ட வைத்திருந்த படம் அவர் கண்ணுக்குள் ஓடியிருக்கும். பிறகு, ஒவ்வொரு வேளைக்கும் அரைப்பங்கு கூட்டச் சொன்னார், இடையில் வலி வந்தால் கொடுக்கத் தனி அளவும் சொன்னார். "என் புத்திய செருப்பால அடிக்கணும்" என்றும் சொன்னார்.

டாக்டரைத் திருப்புவது சுலபம். அம்மா மசியவில்லை.

எதிர் வீட்டு அம்மாளை ஒரு வழியாக அனுப்பிவிட்டு வந்தவள், அளவு கூடுகிறது என்று கேட்டதும் ஃப்ரிட்ஜ் கதவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"எதுக்கு? இதோ பாருங்க, மூணு, மூணு, மூணு. நீங்கதானே சொன்னீங்க, மூணுன்னா நல்லாக் கட்டுப்பாட்டுல இருக்குன்னு? ஆஸ்பத்திரில அந்தப் பக்கத்துக் கட்டில் பொண்ணுக்கு அளவைக் கூட்டிக் கூட்டித்தான் கடைசில... எனக்குத் தெரியும் சிஸ்டர். அளவைக் கூட்டினா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும். என் பொண்ணுக்கு அந்த நேரம் இன்னும் வரல. வலியே இல்லாத பிள்ளைக்கு விஷத்தைக் கூட்டச் சொல்றீங்களா?"

அளவு கூடுவதால் முடிவு வருவதில்லை, வலி கூடுவதால்தான் அளவு கூடுகிறது. இதை நர்ஸ் நூறு வீட்டில் விளக்கியிருக்கிறாள். இங்கே விளக்க முடியவில்லை, ஏனென்றால் வலி கூடவே இல்லை என்பதற்கு அவளே ஒட்டிய சாட்சி ஃப்ரிட்ஜில் இருக்கிறது. அம்மாவின் கையெழுத்து, அவளுடைய அட்டை, ஐந்து வாரத்து மூன்று. கூட்டத்தில் பாராட்டு வாங்கிக் கொடுத்த தாள் இப்போது குறுக்கே நின்றது. அந்தப் பக்கம் அறையில் டானிக் குடித்து ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

குழந்தைக்குக் கொடுத்த வாக்கை மீறினால் வேலை எளிது. நர்ஸ் மீறவில்லை. அவளுக்கு அந்த மெக்கானிக்கின் ஞாபகம் வந்தது.

"மெஷின் கடிச்ச சட்டை எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க" என்றாள்.

அம்மாவுக்குப் புரியவில்லை. ஆனாலும் கொண்டு வந்தாள். தரைத் துணியாக்க வைத்திருந்தவற்றையும் சேர்த்து ஏழு சட்டை. நர்ஸ் அவற்றைச் சாப்பாட்டு மேஜைமேல் வரிசையாகப் பரப்பினாள். ஒவ்வொரு காலரையும் நீவிவிட்டாள். எதுவும் பேசாமல் அம்மாவின் ஆள்காட்டி விரலைப் பிடித்து முதல் காலரின் ஓரத்தில் வைத்து நகர்த்தினாள். பள்ளம், பள்ளம், பள்ளம். பிறகு வழவழவென்று ஓர் இடம். மறுபடி பள்ளம்.

இரண்டாவது காலரிலும் அப்படித்தான். மூன்றாவதில் நர்ஸ் கையை எடுத்துவிட்டாள், அம்மாவின் விரல் தானே போயிற்று. நான்காவது சட்டையில் அந்த வழவழப்பான இடத்துக்கு வந்ததும் நின்றது. அந்தப் பல்லைத் தாளில் மடித்து நகைப் பெட்டிக்குள் வைத்திருப்பவள் அவள். அது விழுந்த இடம் எவ்வளவு அகலம் என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவள் பாத்ரூம் பக்கம் திரும்பினாள். குழாயைத் திறக்கப் போகிறாள் என்று நர்ஸ் நினைத்தாள். கதவுப் பிடியில் கை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு முகத்தைப் புடவைத் தலைப்பால் அழுத்தித் துடைத்துக்கொண்டு அறைக்குள் போய், கட்டில் தலைமாட்டில் நிற்காமல், பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எத்தனைடா கண்ணு?"

மேனேஜர் நர்ஸைப் பார்த்தாள். சொல்லிட்டீங்களா என்று கண்ணாலேயே கேட்டாள். நர்ஸ் இல்லை என்று தலையசைத்தாள்.

"மூணு."

"இல்ல. நான் எங்கயும் எழுந்து போகமாட்டேன். சொல்லு."

மேனேஜர் சந்தேகமாகப் பார்த்தாள். "நாலு" என்று ஒரு படி வைத்துப் பார்த்தாள். அம்மா அசையவில்லை. "அஞ்சு." அசையவில்லை. "ஆறு." அம்மாவின் கண்ணிலிருந்து கொட்ட ஆரம்பித்தது, ஆனால் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. "ஏழு... எட்டும்மா. ரொம்ப எட்டு."

"நீ அழறியேம்மா?"

"அழறேன். போகல பார்."

மேனேஜர் அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஐந்து வாரத்து அழுகையை மொத்தமாக அழுதாள். சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும். கேட்டுவிட்டுப் போகட்டும். பரீட்சை கஷ்டம் என்று எதிர் வீட்டு அம்மாள் நினைத்துக்கொள்வாள்.

புது அளவை அம்மாவே அளந்தாள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. அரை மணி, முக்கால் மணி ஆயிற்று. மேனேஜரின் நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாக விட்டது. சட்டைக் காலர் காய்ந்தே இருந்தது. நர்ஸுக்கு அடுத்த வீட்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, எழுந்து போக மனசு வரவில்லை.

ஆறு மணிக்கு அப்பா வந்தார். கையில் துணிக்கடைப் பை. டியூஷன் மிஸ் இன்னும் இருப்பதைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு நொடி வெளுத்தது. உடனே அதை ஒரு சிரிப்பால் மூடிக்கொண்டார்.

"என்ன மேனேஜர்? இன்னைக்கு எத்தனை?"

அம்மாவும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒரே குரலில், ஒத்திகை பார்த்த மாதிரி சொன்னார்கள்: "மூணு."

தனக்குத் தெரியாமல் ஒரு புதுக் கூட்டணி அமைந்துவிட்டதை நர்ஸ் பார்த்துக்கொண்டு நின்றாள். இனி காப்பாற்றப்பட வேண்டியவர் ஒரே ஒருவர்தான் பாக்கி.

"குட், குட்" என்றார் அப்பா. பையைக் கட்டில்மேல் வைத்தார். "மெஷின் சரியாகறவரைக்கும் இதைப் போட்டுக்கட்டும்னு வாங்கினேன்." பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அம்மா பையைக் கவிழ்த்தாள். ஆறு சட்டை. பச்சை, சிவப்பு, பூப்போட்டது. ஒன்றிலும் காலர் இல்லை.

கூடவே ஒரு சின்னப் பொட்டலம் இருந்தது. பிரித்தால், பல் முளைக்கும் கைக்குழந்தைகள் கடிக்கிற ரப்பர் வளையம். அதைச் சட்டைகளுக்கு அடியில், மடிப்புக்குள் வைத்திருந்தார்.

பாத்ரூமில் குழாய் திறந்தது. தண்ணீர் சத்தம் பெரிதாகக் கேட்டது.

மேனேஜர் அந்த ரப்பர் வளையத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் மூச்சை இழுத்துக்கொண்டு, வீட்டை நிர்வாகம் பண்ணும் குரலில் கத்தினாள்:

"அப்பா! குழாயை மூடிட்டு வெளியே வாங்க. மூணு இல்ல. எட்டா இருந்துச்சு. இப்ப நாலு."

தண்ணீர் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது.